ஒப்பந்தப் பயிற்சிப் பொறியாளர்: நிரந்தரப் பணியையும் ஊதியத்தையும் எப்படிக் கேட்பது?

கேள்வி: ஒரகடம் பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டு இயந்திரப் பொறியியல் பட்டம் முடித்து, ஜூலை மாதம் ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாக ஆலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். கல்லூரிக்கு வந்து நேர்காணல் நடத்தியவர்கள் ஆலையின் அதிகாரிகள்தான். ஆனால் கைக்கு வந்த பணி ஆணையில் ஆள் வழங்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. ஓராண்டு முடிந்ததும் கம்பெனி ரோலுக்கு (ஆலையின் நேரடிப் பணியாளர் பட்டியலுக்கு) மாற்றிவிடுவார்கள் என்று அப்போது வாய்மொழியாகச் சொன்னார்கள்.

இப்போது பிப்ரவரி. ஒப்பந்தம் ஜூன் இறுதியில் முடிகிறது. சென்ற வாரம் ஹெச்ஆர் அலுவலரிடம் விசாரித்தபோது, இந்த ஆண்டு புதிய பணியிடங்களுக்கு அனுமதி இல்லை, அதே ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக மேலும் ஓராண்டு நீட்டித்து 10 விழுக்காடு உயர்வு தருகிறோம் என்றார். தற்போது மொத்த மாத ஊதியம் 20,000 ரூபாய். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு), கேன்டீன், பேருந்து எல்லாம் பிடித்தது போகக் கையில் வருவது ஏறக்குறைய 18,000.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஒரு சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திர) லைனில் துளையின் இடம் விலகிப் பாகங்கள் கழிக்கப்படுவதற்கு ஃபிக்ஸரின் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பின்) லொக்கேட்டர் பின் தேய்வதே காரணம் என்று கண்டறிந்து, அதற்கு மாற்று ஏற்பாடு செய்ததில், அந்தப் பாகத்தின் ரிஜெக்‌ஷன் 4,200 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பாகங்களுக்கு எத்தனை கழிகின்றன என்ற கணக்கு) 1,100க்கு இறங்கியது. வாடிக்கையாளர் புகார்களுக்கான 8டி அறிக்கைகளையும் (பழுதின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் எழுதுவது) இப்போது நானே தயாரிக்கிறேன். என்னுடன் அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பொறியாளர் என்னைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஊதியம் பெறுகிறார்.

இதற்கிடையில் ஓசூரில் வேறொரு நிறுவனம், நேரடி நிரந்தரப் பணியாக, ஆண்டுக்கு 3.6 லட்சம் சிடிசி (நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு) தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறது. எனக்கு இங்குள்ள வேலையும் மேலாளரும் பிடித்திருப்பதால் இங்கேயே நீடிக்கவே விருப்பம். நிரந்தரத்தையும் ஊதியத்தையும் யாரிடம், எந்த வரிசையில் கேட்பது? ஓசூர் ஆஃபரைச் சொல்லலாமா? பணியில் சேர்ந்தபோது ஒப்பந்த நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் பாண்ட் (இடையில் விலகினால் அத்தொகையைக் கட்டுவதாக உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கி, பட்டச் சான்றிதழின் அசலையும் வைத்துக்கொண்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பதில் 1: ஆலை மனிதவளம்

தம்பி, ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஆலைகளில் நெடுங்காலம் மனிதவளத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். யாருடைய ரோலில் இருப்பது என்பது ஒன்று, எவ்வளவு ஊதியம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால், எளிதாகக் கொடுக்கக்கூடிய ஊதிய உயர்வில் இன்னும் மூன்று விழுக்காடு சேர்த்துக் கொடுத்து, ரோல் விஷயத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே முதலில் ரோலைப் பேசுங்கள். நேரடி ரோலுக்கு வந்துவிட்டால் அந்தத் தரநிலைக்கு உரிய ஊதியக் கட்டமைப்பு தானாகவே உங்களுக்குப் பொருந்தும். அதற்குக் கீழே வைத்துக்கொள்வது நிர்வாகத்துக்கே சங்கடம்.

ஹெச்ஆர் அலுவலர் சொன்ன 'அனுமதி இல்லை' என்ற பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது இறுதிப் பதிலும் அல்ல. பெரும்பாலான நிறுவனங்களில் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்கான ஆள்பலத் திட்டத்தை ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் முடிவு செய்வார்கள். துறைத் தலைவர் தமக்கு எத்தனை பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க, ஆலைத் தலைவர் அதை வெட்டிக் குறைக்க, தலைமை அலுவலகம் ஒப்புதல் தரும். அலுவலரின் மேசைக்கு வருவது அந்த ஒப்புதலின் முடிவு மட்டுமே. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் அதை ஏற்றக்கூடியவர் உங்கள் மேலாளர். அவரிடம் பேச இதுவே தக்க நேரம். ஜூன் மாதத்தில் கேட்டால், உண்மையிலேயே அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்காது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. புதிய பணியிடம் ஒன்றை உருவாக்குவது கடினம். ஒருவர் ராஜினாமா செய்துவிட்டுப் போன இடத்தை நிரப்புவது அதைவிட மிகவும் எளிது, ஏனெனில் அந்த ஊதியம் ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கிறது. உங்கள் துறையிலோ உற்பத்தி, பராமரிப்புப் பிரிவுகளிலோ கடந்த ஓராண்டில் யாராவது விலகி அந்த இடம் நிரப்பப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 'புதிய பணியிடம் கேட்கவில்லை, காலியாக உள்ள அந்த இடத்துக்கு என்னைப் பரிசீலியுங்கள்' என்று கேட்கலாம். நான் பார்த்தவரை, நிரந்தரமான பயிற்சியாளர்களில் பலர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

பேச்சுக்குச் செல்லுமுன் ஒரு பக்கத்தில் உங்கள் பணியை எழுதுங்கள். பிபிஎம் குறைந்தது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மாதத்துக்கு எத்தனை பாகங்கள் ஓடுகின்றன, அவற்றில் எத்தனை கழிவாகாமல் தப்பின, ஒரு பாகத்தின் மூலப்பொருளும் இயந்திர நேரமும் சேர்ந்து என்ன விலை என்று பெருக்கி ரூபாய்க் கணக்கில் காட்டுங்கள். மாதம் 20,000 பாகங்கள் ஓடும் லைன் என்று வைத்துக்கொண்டால், 3,100 பிபிஎம் குறைவு என்பது மாதத்துக்கு 62 பாகங்கள். பாகம் ஒன்று 600 ரூபாய் என்றால் மாதம் 37,200 ரூபாய். உங்கள் மொத்த ஊதியத்தை விடக் கூடுதலான தொகை இது, இந்த ஒரே ஒரு வேலையிலிருந்து. உண்மையான எண்களை உங்கள் காஸ்டிங் (செலவுக் கணக்கு) பிரிவில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மேலாளர் அந்தத் தாளை அப்படியே ஆலைத் தலைவரிடம் காட்டக்கூடும். வரைபடம், வாடிக்கையாளர் அறிக்கை எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே வேலையை விட்டு நீக்கப்பட்டவர்கள் உண்டு.

அப்புறம், சக பொறியாளரின் ஊதியத்தைப் பேச்சில் இழுக்காதீர்கள். உங்களுக்கு அது நியாயமான வாதமாகத் தோன்றும். கேட்பவருக்கோ, ஊதிய ரகசியம் எங்கிருந்து வெளியேறியது என்ற ஆராய்ச்சிதான் முதலில் எழும்.

சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் துறையிலேயே தொடர விரும்புகிறேன். இந்த எட்டு மாதத்தில் நான் கையாண்ட பணிகளை இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு ஆள்பலத் திட்டத்தில் என்னைக் கம்பெனி ரோலுக்குப் பரிந்துரைக்க இயலுமா? எப்போது முடிவு தெரியும் என்றால், அதற்கேற்ப நானும் முடிவெடுக்க உதவியாக இருக்கும்." இவ்வளவு போதும். கடைசி வரியிலேயே உங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்துவிடும். ஓசூர் ஆஃபரை இந்தக் கட்டத்தில் எடுத்துக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

நிரந்தரம் இப்போது இயலாது என்றே சொல்லிவிட்டால், இடைப்பட்ட வழியாகக் கம்பெனியின் நேரடி ரோலிலேயே குறித்த காலப் பணி கேளுங்கள். அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளருக்கு உரிய ஊதியமும் பிற சலுகைகளும் குறித்த காலப் பணியாளருக்கும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஓராண்டுப் பணியிலேயே அவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமையும் வந்துவிடுகிறது. ஒப்பந்த நிறுவனத்துக்குச் செலுத்தும் சேவைக் கட்டணமும் ஆலைக்கு மிச்சமாகும் என்பதால், செலவு கூடும் என்ற மறுப்புக்கு இதில் அவ்வளவாக இடமில்லை.

பதில் 2: கணக்குப் பிரிவு

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 3.6 லட்சம் என்ற எண்ணையும் 10 விழுக்காடு என்ற எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட இயலாது என்பதால், சம்பளப் பட்டியல் போடுபவள் என்ற முறையில் ஒரு கணக்குக் காட்டுகிறேன்.

ஓசூர் ஆஃபரின் இணைப்பில் சிடிசி எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. வழக்கமான ஒரு பிரிப்பை எடுத்துக்கொள்வோம். அடிப்படை ஊதியம் மாதம் 15,000 என்றால், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 விழுக்காடு பிஎஃப் ஆண்டுக்கு 21,600, பணிக்கொடைக்கென 4.81 விழுக்காடு ஒதுக்கினால் ஏறக்குறைய 8,650. செயல்திறன் தொகை பத்தில் ஒரு பங்கு என்றால் 36,000. மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 6,000. இவற்றைக் கழித்தால் மீதி 2,87,750, அதாவது மாதம் சுமார் 24,000. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போய், தொழில்வரிக்குச் சுமார் 200 போனால், கையில் வருவது 22,000. இங்கே 10 விழுக்காடு உயர்வோடு 22,000 மொத்த ஊதியம் என்றால், பிடித்தம் போகக் கையில் 19,800 அளவில் நிற்கும். ஆக, மாத வித்தியாசம் 2,200 ரூபாய்தான். ஓசூரில் அறை வாடகையும் உணவும் உங்கள் கையிலிருந்து போகும் என்றால் அந்த வித்தியாசமும் கரைந்துவிடலாம். செயல்திறன் தொகை முதல் ஆண்டில் கிடைக்குமா, ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு எப்படிக் கணக்கிடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதனால் ஓசூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கிடைப்பது நிரந்தரம். அதன் மதிப்பு இந்த மாதக் கணக்கில் ஏறாது. ஆனால் பேச்சு மேசையில் 'எனக்கு வெளியே 30,000 கிடைக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள். எதிரே இருப்பவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். இஎஸ்ஐ வரம்பு மாதம் 21,000 ரூபாய். 20,000 ஊதியத்தில் உங்களிடம் 0.75 விழுக்காடாக 150 ரூபாய் பிடிக்கிறார்கள். அதற்கு ஈடாக உங்களுக்கும், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. உயர்வுக்குப் பின் வரம்பைத் தாண்டியவராக உங்களைக் கணக்கிட்டால், நடப்புப் பங்களிப்புக் காலம் (ஆறு மாதச் சந்தாக் காலம்) முடிந்ததும் அந்த வசதி நின்றுபோகும். ஒப்பந்த நிறுவனங்கள் பலவற்றில் குழு மருத்துவக் காப்பீடு என்ற ஒன்றே கிடையாது. 2,000 ரூபாய் உயர்வை ஏற்கும் முன், வரம்பை எந்த ஊதியத்தின் மேல் கணக்கிடுகிறார்கள், இஎஸ்ஐ நின்றால் மாற்றுக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். வீட்டில் பெற்றோருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மாதாந்தர மருந்து இருந்தால் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

ஒரகடம் பயிற்சியாளர்

இருவருக்கும் நன்றி. அக்கா ஊகித்தது ஏறக்குறைய சரி. ஓசூர் ஆஃபரில் செயல்திறன் தொகை 40,000. அப்பா இஎஸ்ஐ மருந்தகத்தில்தான் மருந்து வாங்குகிறார் என்பதால் அந்தக் குறிப்பு மிகவும் பயன்பட்டது. தமிழ்நாட்டில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று ஒரு சட்டம் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அதை ஹெச்ஆரிடம் குறிப்பிடலாமா? பாண்ட் பற்றியும் யாராவது விளக்கினால் நல்லது.

பதில் 3: தொழிலாளர் சட்டம்

நண்பர்கள் சொல்வது 1981ஆம் ஆண்டின் சட்டம். தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்காகத் தமிழ்நாடு இயற்றியது. 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாகப் பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் மையம். கட்டடம், பாலம், சாலை போன்ற கட்டுமானப் பணிகளுக்கு இது பொருந்தாது. உங்கள் ஆலைக்கு அந்த விலக்கு இல்லை. மாநிலச் சட்டம் என்பதால், மத்தியத் தொகுப்புகள் நீக்கிய 29 சட்டங்களில் இது இடம்பெறவில்லை.

ஆனால் உங்கள் நிலையில் மூன்று தடைகள் உள்ளன. எட்டு மாதப் பணியில் 480 நாள் என்பது எட்டாத எண்ணிக்கை. இரண்டாம் ஆண்டு நீட்டிப்பின் நடுவில்தான் அந்த எல்லை வரும். எனவே நீட்டிப்பு ஆணை வந்தால், அது எத்தனை மாதத்துக்கு, முதல் ஒப்பந்தத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே 'இடைவெளி' ஏதும் திணிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத் தேதி வாரியாகப் பாருங்கள். அடுத்து, பொறியாளர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவாரா என்ற கேள்வி எழும். பதவியின் பெயரை வைத்து இதை முடிவு செய்வதில்லை. செய்யும் வேலையின் தன்மையே கணக்கு. நீங்கள் அளவீடு எடுப்பது, பழுதின் காரணம் தேடுவது, அறிக்கை தயாரிப்பது ஆகியவை தொழில்நுட்பப் பணிகள். ஆட்களை மேற்பார்வையிட்டு, விடுப்பு வழங்கி, நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இருந்தால் வாதம் வேறு பக்கம் சாயும். மூன்றாவது தடைதான் பெரியது: உங்கள் முதலாளி ஆலையா, ஒப்பந்த நிறுவனமா என்பதை முதலில் நிறுவ வேண்டும். இத்தகைய வழக்குகள் ஆண்டுக் கணக்கில் நடப்பவை.

ஆகையால், சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி மாதப் பேச்சில் அதை எடுக்காதீர்கள். அதைச் சொன்ன நிமிடத்தில் உங்கள் கோப்பு மேலாளரின் கையிலிருந்து நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் கைக்குப் போய்விடும். மாறாகச் சத்தமில்லாமல் ஆவணங்களைச் சேருங்கள்: பணி ஆணை, மாதச் சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டையின் நகல், யுஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) பாஸ்புக். பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பெயரில் பிஎஃப் செலுத்தப்படுகிறது, சேர்ந்த தேதி என்ன என்பது பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிஎஃப் பிடிக்கப்படுவதே ஒரு முக்கியமான செய்தி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட பழகுநருக்கு (அப்ரண்டிஸ்) உதவித்தொகைதான் உண்டு, பிஎஃப் இல்லை. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு அவரைத் தொழிலாளர் அல்லர் என்கிறது, 22ஆம் பிரிவின்படி அவருக்கு வேலை தரும் கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. உங்கள் பதவிப் பெயரில் 'பயிற்சி' இருந்தாலும் நீங்கள் அந்த வகை அல்லர். நீட்டிப்பு என்ற பெயரில் பழகுநர் ஒப்பந்தம் எதிலாவது கையெழுத்துக் கேட்டால், வேறு வகைக்கு மாற்றப்படுகிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பாண்ட் விஷயத்தில், 'அதெல்லாம் செல்லாது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்று ஆண்டுகள் முடியுமுன் விலகினால் 2 லட்சம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பணிக்காலத்துக்குள் விதிக்கப்படும் குறைந்தபட்சப் பணி நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கும் தொழில் தடை ஆகாது என்பது அத்தீர்ப்பு. ஆனால் அது பொதுத்துறை வங்கியின் ஆள்தேர்வுச் செலவைக் கருத்தில் கொண்டு சொல்லப்பட்டது. உங்கள் விஷயத்தில் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கோர முடியும். மாதம் 20,000 கொடுத்து, பயிற்சிக்கெனப் பெரிதாக எதுவும் செலவிடாத ஒப்பந்த நிறுவனம் 1.5 லட்ச இழப்பை எப்படிக் காட்டும் என்பது அவர்கள் பாடு. மேலும், ஆணை ஓராண்டுக்கு, பாண்ட் இரண்டு ஆண்டுக்கு என்றால், ஜூனில் அவர்களே ஒப்பந்தத்தை முடித்துவிட்டால் என்ன ஆகும் என்று பாண்டின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். அதை ஒரு வழக்குரைஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அசல் சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. மேற்படிப்பு விண்ணப்பம், கடவுச்சீட்டு என்று ஏதேனும் இயல்பான காரணத்தைச் சொல்லி, மின்னஞ்சல் வழியாக இப்போதே திரும்பக் கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு கேட்பதும் இப்போது கேட்பதும் ஒன்றல்ல.

பதில் 4: ஓசூர்வாசி

முதல் பதிலில் ஆஃபரைக் காட்ட வேண்டாம் என்றிருக்கிறார், நான் மாறுபடுகிறேன். தரப் பொறியாளர்களுக்கு ஓசூரில் இப்போது தேவை இருக்கிறது, ஆனால் உங்கள் ஆஃபருக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். ஆள்பலத் திட்டம் மார்ச் இறுதியில்தான் தெரியும் என்று மேலாளர் சொல்லிவிட்டால், இரண்டையும் இழந்து நிற்பீர்கள். மேலாளர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருப்பதால், அவரிடம் மட்டும், நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் சொல்லாமல், 'நேரடிப் பணியாக ஓர் ஆஃபர் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்' என்று சொல்வதில் தவறில்லை. அது மிரட்டல் ஆகாது. அவர் ஆலைத் தலைவரிடம் அவசரம் காட்டுவதற்கு அவருக்கே ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் ஓசூருக்குப் போக மனமில்லாமல் இதைச் சொல்லக் கூடாது. 'சரி, போய் வாருங்கள்' என்ற பதில் வந்தால் போகத்தான் வேண்டும்.

ஓசூர் நிறுவனத்திடமும் பேசலாம் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. செயல்திறன் தொகை 40,000இல் பாதியை நிலையான ஊதியத்தில் சேர்க்க முடியுமா, முதல் மாத விடுதிச் செலவைத் தருவார்களா, தகுதிகாண் பருவம் ஆறு மாதமா ஓராண்டா, அப்போது நோட்டீஸ் எத்தனை நாள் என்று கேளுங்கள். புதிய பொறியாளருக்கு 3.6 லட்சத்தை 4.5 ஆக்க மாட்டார்கள். உட்பிரிவை மாற்றித் தருவதற்குப் பெரும்பாலும் மறுப்பிருக்காது.

பதில் 5: ஆலை மனிதவளம்

ஓசூர்வாசி சொன்னதை ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். மேலாளரிடம் சொல்லலாம், ஹெச்ஆருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டாம். அதற்கும் முன்னதாக, ஆஃபரின் கடைசித் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்க ஓசூரில் கேட்டுப் பாருங்கள். ஜூன் வரை ஒப்பந்தம் உள்ளது என்ற காரணத்தை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மேலாளர் நல்ல பதில் சொன்னால், அன்று மாலையே நன்றி தெரிவித்து இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: பரிந்துரைப்பதாகச் சொன்னீர்கள், இந்தத் தேதிக்குள் முடிவு தெரியும் என்றீர்கள் என்று. கம்பெனி ரோலுக்கு மாற்றும் ஆணை கிடைத்தால், அதில் தகுதிகாண் பருவம் மீண்டும் தொடங்குகிறதா, கடந்த ஓராண்டு அனுபவமாகக் கணக்கில் வருகிறதா, எந்தத் தரநிலை என்று பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ரிலீவிங் கடிதமும் அனுபவச் சான்றும் தனியாகப் பெற வேண்டும். அங்கே விலகிய தேதி பிஎஃப் கணக்கில் பதிவாகாவிட்டால், பழைய கணக்கிலுள்ள தொகையைப் புதியதற்கு மாற்றும்போது சிக்கல் வரும். மார்ச் இறுதிக்குள் எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், ஓசூர் ஆணையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.